காஸ்ஃபோர்ட் பார்க் (2001): போலீஸ் ஏன் கண்டுபிடிக்கவில்லை? (முடிவு பேசப்படுகிறது, படம் பார்க்காதவர்கள் கவனிக்க)

மாடிப்படி எழுதியது:

ராபர்ட் ஆல்ட்மனின் இந்தப் படத்துக்கு நம் தளத்தில் தனி இழை இல்லாததால் தொடங்குகிறேன். கொலையாளி யார் என்பதையும் பேசப்போகிறோம். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1932 நவம்பர். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் சர் வில்லியம் மெக்கார்டிலின் மாளிகை. வார இறுதி வேட்டைக்காக உறவினர்களும் நண்பர்களும் வந்து தங்குகிறார்கள். வருகிறவர்கள் தங்கள் பணிப்பெண்ணையோ பணியாளையோ கூடவே கூட்டி வருகிறார்கள். மேலே விருந்து, கீழ்த்தளத்தில் வேலை. இரவு விருந்துக்குப் பிறகு ஒருநாள் சர் வில்லியம் தன் அறை நாற்காலியிலேயே நெஞ்சில் கத்தியோடு கிடக்கிறார். அதற்கு முன்பே விஷத்தால் அவர் உயிர் போய்விட்டிருந்தது. அதாவது ஒரே மனிதரை ஒரே இரவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கொல்ல வந்திருக்கிறார்கள்.

விசாரிக்க இன்ஸ்பெக்டர் தாம்சன் வருகிறார் (ஸ்டீஃபன் ஃப்ரை நடித்தது). வேலையாட்களை விசாரிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. இறந்தவரோடு உண்மையான தொடர்பு உள்ளவர்களைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிடுகிறார். மொத்தப் படமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது என்பது என் கட்சி. சர் வில்லியத்தின் படுக்கைக்குப் போய்வந்தவள், அவருக்குப் பிள்ளை பெற்றவள், அவருடைய ரத்தத்தில் பிறந்தவன் எல்லாரும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார்கள். அவரோடு நெருங்கிய தொடர்பு யாருக்கு உண்டோ அவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் இன்ஸ்பெக்டர் விசாரணையைத் தொடங்குகிறார். மேல்தட்டு வர்க்கம் எதைப் பார்க்காமல் பழகிவிட்டதோ அதைச் சட்டமும் பார்க்கவில்லை. கடைசியில் உண்மையைக் கண்டுபிடிப்பது மேரி. கிழவி டிரென்தம் சீமாட்டியிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பணிப்பெண்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

---

மர்மக்கதைப்பித்து எழுதியது:

படம் எனக்குப் பிடிக்கும், ஆனால் கொலைக் கதை என்ற கணக்கில் பார்த்தால் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. முதலாவது, கொலை நடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்ளவே மூச்சு முட்டுகிறது. இரண்டாவது, அந்த இன்ஸ்பெக்டர். மற்ற எல்லாரும் நிஜ மனிதர்களாக நடமாடும்போது அவர் மட்டும் வேறொரு நகைச்சுவை நாடகத்திலிருந்து வழிதவறி வந்தவர் மாதிரி இருக்கிறார். சேற்றுக் கால்தடத்தையும் உடைந்த கோப்பையையும் கான்ஸ்டபிள் டெக்ஸ்டர் கவனிக்கிறார். இவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. இவ்வளவு மட்டமான போலீஸ்காரரை வைத்துவிட்டு ‘வர்க்கக் குருட்டுத்தனம்’ என்று பெயர் சூட்டுவது எப்படி நியாயம்? கெட்டிக்காரர் ஒருவர் வந்து, அவருக்கும் கீழ்த்தளம் கண்ணில் படாமல் போயிருந்தால் உங்கள் வாதம் இன்னும் பலமாக நிற்கும்.

துப்பறியும் கதையில் வாசகருக்குத் தடயங்களை ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இங்கே அது காப்பாற்றப்பட்டிருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

---

வெள்ளிக்கரண்டி எழுதியது:

தடயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், பித்து அக்கா. அத்தனையும் நம் கண் முன்னால்தான் கிடக்கிறது. விஷம் என்று எழுதிய புட்டிகள் வீட்டின் பல மூலைகளில் இருக்கின்றன, கேமராவும் அவற்றைத் தேடிப்போய்க் காட்டுகிறது. வெள்ளிச் சாமான்களில் ஒரு கத்தி காணாமல் போகிறது. வேட்டையின்போது ஒரு குண்டு சர் வில்லியத்தின் காதை உரசிக்கொண்டு போகிறது. ராபர்ட் பார்க்ஸ் என்ற பணியாள் அநாதை விடுதியில் வளர்ந்தவன் என்று அவனே மேசையில் சொல்கிறான். வீட்டு நிர்வாகி மிஸஸ் வில்சன் அவன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு நொடி நின்றுவிடுகிறார். ஹெலன் மிரன் அந்த நொடியை எவ்வளவு சிக்கனமாகச் செய்கிறார் என்று திரும்பப் போட்டுப் பாருங்கள். முதல்முறை பார்க்கும்போது நாம் மேல்தளத்துக்காரர்களின் பணத் தகராறுகளையே கவனித்துக்கொண்டிருக்கிறோம், அதனால் கீழே நடப்பது நழுவிவிடுகிறது.

யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் மூச்சு முட்டியதாகச் சொன்னீர்கள். அந்தக் குழப்பம் வேண்டுமென்றே செய்ததுதான். வெளியிலிருந்து வரும் வேலையாட்களை அந்த வீட்டில் அவரவர் எஜமானரின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மேரி கீழ்த்தளத்தில் ‘மிஸ் டிரென்தம்’. ராபர்ட் ‘மிஸ்டர் ஸ்டாக்பிரிட்ஜ்’. வேலையாட்கள் சாப்பிட உட்காரும் வரிசையும் எஜமானர்களின் அந்தஸ்துப்படிதான். சீமாட்டியின் பணிப்பெண் என்பதால் நேற்று வேலைக்கு வந்த மேரிக்கு மேலான இடம் கிடைக்கிறது, பத்து வருடம் உழைத்தவர் அதற்குக் கீழே உட்காருகிறார். வெறும் கற்பனை இல்லை இது. அந்தக் காலத்து மாளிகைகளில் நிஜமாகவே இருந்த பழக்கம். சொந்தப் பெயரைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. ஒருவனுடைய பெயரே அழிந்துவிட்ட இடத்தில், அவன் யாருடைய மகன் என்பது யாருக்குத் தெரியப்போகிறது? மர்மத்தின் பூட்டு இந்தப் பெயர் வழக்கத்தில்தான் இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1931 கணக்கெடுப்பின்போது வீட்டு வேலையில் இருந்த பெண்கள் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல். பெண்களுக்கு இருந்த மிகப் பெரிய ஒற்றைத் தொழில் அதுதான். படத்தில் வரும் கீழ்த்தளத்தை ஏதோ அபூர்வ உலகம் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

ஒலிக்கூடம் எழுதியது:

நான் ஒலிப்பதிவுத் துறையில் இருப்பவன். அதனால் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

ஆல்ட்மன் இந்தப் படத்தில் நடிகர்கள் ஒவ்வொருவர் உடம்பிலும் தனித்தனி மைக் மாட்டினார். இரண்டு கேமராக்கள், இரண்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கேமரா தன்னைப் பார்க்கிறது, எந்தப் பேச்சு கடைசியில் படத்தில் நிற்கும் என்று நடிகருக்குத் தெரியாது. அதனால் விருந்து மேசையின் கடைக்கோடியில் இருப்பவரும் சும்மா இருக்க முடியாது, பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ‘நாஷ்வில்’ (1975) காலத்திலிருந்தே அவர் தேய்த்துத் தேய்த்துப் பழக்கிய முறை இது.

இதற்கும் மாடிப்படியாரின் வாதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. படத்தில் பாதி உரையாடல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடும். மேசையில் பரிமாறிக்கொண்டு நிற்கும் வேலையாளின் காதுக்கு அந்தப் பேச்சு எப்படி விழுமோ அப்படியேதான் நமக்கும் விழுகிறது, துண்டு துண்டாக. மேல்தளக் காட்சி எதுவானாலும் அந்த அறையில் ஒரு வேலையாளாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டுதான் படத்தை எடுத்தார்கள். வேலையாள் வெளியே போனால் கேமராவும் போய்விடும். இப்போது கொலை நடக்கும் அறையை யோசித்துப் பாருங்கள். உள்ளே நுழையும் கால்களை மட்டும் காட்டுகிறார்கள், முகம் இல்லை. விதியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவருக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது: அந்தக் கால்கள் ஒரு வேலையாளின் கால்கள். பித்து அவர்கள் கேட்ட நேர்மையான தடயம் இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த இரவில் கீழே ஓடும் பாட்டையும் சொல்ல வேண்டும். ஐவர் நொவெல்லோ நிஜமாக வாழ்ந்த நட்சத்திரம், வேல்ஸ்காரர். முதல் உலகப்போர் காலத்தில் நாடே பாடிய பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், பேசாப்பட நாயகன். படத்தில் ஜெரமி நார்தம் அவராக வந்து பியானோவில் உட்கார்ந்து பாடுகிறார். விருந்தினர்கள் சீட்டாட்டத்தில் இருக்கிறார்கள். இவனை ஊக்கப்படுத்தாதீர்கள், இன்னும் பாடிக்கொண்டே இருப்பான் என்கிற தொனியில் டிரென்தம் சீமாட்டி அலுத்துக்கொள்கிறார். அதே நேரத்தில் கதவுக்குப் பின்னாலும் இருண்ட படிக்கட்டுகளிலும் வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். விளக்கு இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு பணிப்பெண் கண்ணை மூடிக் கேட்கிறாள், இரண்டு பேர் அந்த இடுக்கிலேயே மெல்ல ஆடுகிறார்கள். அந்தப் பாட்டின் உண்மையான ரசிகர்கள் அவர்கள்தான், அறைக்குள் அவர்களுக்கு இடம் இல்லை. ஒலிக்கலவையில் பாட்டு அறைக்கு அறை எப்படி மங்கி ஒலிக்கிறது என்று ஒருமுறை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கதவு ஒன்று மூடினால் குரல் மாறுகிறது. வீட்டின் வரைபடமே காதுக்குள் வந்துவிடும்.

---

செந்நெல் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதால் எதிர்ப்பக்கத்தை நான் சொல்கிறேன்.

திரைக்கதை ஜூலியன் ஃபெலோஸ். இதற்குத்தான் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது, படம் பெற்ற ஏழு பரிந்துரைகளில் பரிசாக மாறியது அது ஒன்றுதான். அந்த மனிதர் அந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர், பின்னாளில் பிரபுக்கள் சபையிலும் உட்கார்ந்தார். இதே மேல்தளம், கீழ்த்தளம், இங்கே டிரென்தம் சீமாட்டியாக வரும் இதே மேகி ஸ்மித்தின் வெடுக்குப் பேச்சு ஆகியவற்றைக் கொண்டு 2010-இல் ‘டவுன்டன் ஆபி’ தொடரைச் செய்தார். அங்கே எஜமானர்கள் நல்லவர்கள், வேலையாட்கள் விசுவாசிகள், மாளிகையைக் காப்பாற்றுவது எல்லாருடைய கனவு. விதை இந்தப் படத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளிச் சாமான்கள் அவ்வளவு அழகாக மின்னுகின்றன, உடைகள் அவ்வளவு கச்சிதம். கேலி செய்வதாகச் சொல்லிக்கொண்டு நம்மை அந்த மேசையில் உட்கார ஆசைப்பட வைக்கிறது. கடைசியில் தண்டனை யாருக்கும் இல்லை. கொன்றவர், கொல்ல வந்தவன், சுரண்டிய குடும்பம் எல்லாரும் கார் ஏறிப் போகிறார்கள், அல்லது வேலைக்குத் திரும்புகிறார்கள். இதை நையாண்டி என்று சொல்ல எனக்குத் தயக்கம். அலங்காரமான அனுதாபம் என்பேன்.

---

மாடிப்படி எழுதியது:

செந்நெல், டவுன்டன் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தத் தொடரை வைத்து இந்தப் படத்தை அளக்கக் கூடாது. எழுதியவர் ஃபெலோஸ்தான். இயக்கியவர் கான்சாஸ் சிட்டியில் பிறந்த அமெரிக்கர், படம் எடுத்தபோது எழுபத்தைந்தைத் தாண்டியவர். காப்பீட்டுக்காக ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸை மாற்று இயக்குநராக வைத்துக்கொண்டுதான் படப்பிடிப்பே நடந்தது. அந்த மாளிகைகள் மீது ஆல்ட்மனுக்கு எந்தப் பாசமும் கிடையாது. மின்னும் வெள்ளியைக் காட்டுகிறார், சரி. அதைத் துடைக்கிற கையையும் சேர்த்தே காட்டுகிறாரே.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டும் மழையில் கார் போகிறது. பின்னால் சீமாட்டி, முன்னால் டிரைவர் பக்கத்தில் மேரி. நடுவே கண்ணாடித் தடுப்பு. சீமாட்டிக்கு ஃபிளாஸ்க் மூடியைத் திறக்க முடியவில்லை. கண்ணாடியைத் தட்டுகிறார். கார் நிற்கிறது. மேரி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே சுற்றி வந்து, பின்கதவருகே நின்று மூடியைத் திறந்து கொடுக்கிறாள். சீமாட்டியின் முகத்தில் கொடுமை ஏதும் இல்லை. மூடி திறக்க ஆள் இருக்கிறது, ஆள் திறக்கிறது, அவ்வளவுதான் அவருக்கு. யாரையும் வில்லனாக்காமல், ஒரு ஃபிளாஸ்க் மூடியை வைத்து அந்த ஏற்பாட்டின் முழு அசிங்கத்தையும் காட்டிவிடுகிறார்கள். இதில் எங்கே ஐயா அனுதாபம்?

மேல்தளம் பணத்துக்கு அலைவதும் இன்னொரு பக்கம். சர் வில்லியம் தொழிற்சாலை வைத்துச் சம்பாதித்தவர். அவருக்கு யார் வாழ்க்கைப்படுவது என்று இப்போதைய மனைவி சில்வியாவும் அவள் தங்கை லூயிஸாவும் சீட்டு எடுத்து முடிவு செய்ததாகப் படத்தில் வருகிறது. சீமாட்டி டிரென்தத்துக்கு மாதப்படி வேண்டும், விருந்தாளிகளில் மெரடித்துக்குச் சூடான் பட்டாளத்துக்குப் பூட்ஸ் விற்கும் வியாபாரத்தில் முதலீடு வேண்டும், ஃபிரெடி நெஸ்பிட்டுக்கு வேலை வேண்டும். 1870-களில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியதிலிருந்து அங்கே நிலத்தின் வருமானம் சரிந்துகொண்டே வந்தது. போருக்குப் பிறகு பெரிய சொத்துகளின் மீது வாரிசு வரி நாற்பது சதவீதத்துக்கு ஏறியது, 1930-இல் ஐம்பதானது. பட்டம் இவர்களிடம், காசு வேறொருவரிடம். வெறுக்கிற மனிதனிடமே கையேந்தி நிற்கிறார்கள். அதனால்தான் அவர் செத்த மறுநாள் அந்த வீட்டில் யாரும் அழவில்லை.

படத்தின் வெளித்தோற்றத்துக்கு ராத்தம் பார்க் என்ற மாளிகை. 1754-இல் அட்மிரல் ஜான் பிங்குக்காகக் கட்டியது. மினோர்காவைக் காப்பாற்றத் தவறினார் என்று 1757-இல் அவரைத் தன் கடற்படையே சுட்டுக் கொன்றது. மேல்தளப் படுக்கையறைகள் சையன் ஹவுஸில். சமையலறையும் கீழ்த்தள நடைகளும் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் போட்ட செட்.

---

வெள்ளிக்கரண்டி எழுதியது:

செட் என்றதும் ஒன்று. கீழ்த்தள வேலைகளைச் சரிபார்க்க, இளவயதில் அந்தக் காலத்து மாளிகைகளில் நிஜமாகவே வேலை பார்த்த மூவரைப் படப்பிடிப்புக்கு அழைத்து வந்திருந்தார்கள்: பட்லர் ஆர்தர் இஞ்ச், சமையல்காரர் ரூத் மாட், பணிப்பெண் வயலட் லிடில். மேசையில் தட்டுக்கும் கரண்டிக்கும் நடுவே அளவுகோல் வைத்து அளக்கும் காட்சி நினைவிருக்கிறதா? ஒரு மாளிகைக்குள் எத்தனை பேர் உழைப்பு ஓடுகிறது என்பதை அந்த அளவுகோல் ஒன்றே சொல்லிவிடும்.

---

புதுவாசகி எழுதியது:

ஒரு சந்தேகம். பணிப்பெண் எல்ஸி விருந்து மேசையில் வாய்விட்டுப் பேசியதும் ஏன் எல்லாரும் அப்படி உறைந்துபோகிறார்கள்? அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையே.

---

ஒலிக்கூடம் எழுதியது:

சர் வில்லியத்தை மனைவி எல்லார் முன்பும் மட்டம் தட்டுகிறார். பரிமாறிக்கொண்டிருந்த எல்ஸி பொறுக்க முடியாமல், அது நியாயமில்லை என்று அவரைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள். வேலைக்காரி வாயில் எஜமானின் செல்லப்பெயர் வந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். உறவு இருப்பது அந்த வீட்டில் பலருக்கும் முன்பே தெரியும். தெரிந்ததைச் சத்தமாகக் கேட்க நேர்ந்ததுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. அந்த நிமிடமே அவள் வேலை போயிற்று. தங்கியிருப்பவர்கள் முன்னால் சர் வில்லியத்துக்காகப் பேசிய ஒரே ஆள் அவள்தான் என்பதையும் கவனியுங்கள். கடைசியில் அவருடைய நாய்க்குட்டியையும் அவளே எடுத்துக்கொண்டு போகிறாள்.

---

மர்மக்கதைப்பித்து எழுதியது:

கால்கள் பற்றி ஒலிக்கூடம் சொன்னது அபாரம், அதற்காகவே மறுபடி பார்க்கப்போகிறேன். இன்ஸ்பெக்டர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. மிஸஸ் வில்சன் மேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் சர் வில்லியத்துக்குப் பிறந்த பிள்ளையைக் கொடுத்துவிட்டதும், நல்ல குடும்பத்தில் வளர்வான் என்று நம்பவைக்கப்பட்டதும், பிள்ளை அநாதை விடுதியில் போய்ச் சேர்ந்ததும். வளர்ந்த மகன் தகப்பனைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்து, அவனுக்கு முந்திக்கொண்டு தானே விஷம் வைத்துவிடுகிறார். மகன் குத்தியது பிணத்தை. நல்ல வேலைக்காரியின் திறமையே எஜமானுக்கு என்ன தேவை என்று முன்கூட்டி அறிவதுதான் என்று சொல்கிறாரே, அந்தத் திறமையால்தான் மகனுடைய கழுத்தைக் கயிற்றிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். இவ்வளவும் தெரிந்த மேரி, ராபர்ட் விடைபெறும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாய் அதே வீட்டில், சில அடி தூரத்தில் இருக்கிறார். எனக்கு அது பொறுக்கவே இல்லை. சொல்லியிருக்க வேண்டாமா?

---

செந்நெல் எழுதியது:

பித்து அக்கா, சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அது 1932. கொலைக் குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை, நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. பிரிட்டனில் அது நின்றது 1965-இல்தான். தாய் யார் என்று தெரிந்தால், ஏன் கொன்றார் என்பதும் ராபர்ட்டுக்குத் தெரிந்துவிடும். தனக்காக ஒருத்தி கொலைகாரியானாள் என்பதைச் சுமந்துகொண்டு அவன் சும்மா இருப்பானா? ஆத்திரக்காரன், வாயைத் திறப்பான். திறந்தால் தூக்கு மிஸஸ் வில்சனுக்கு. திரும்பிப் போகும் வழியில் சீமாட்டி சொல்கிறாரே, நாம் கூண்டில் ஏறிச் சொன்ன ஒன்றுக்காக ஒருவர் தூக்கில் தொங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகிறார். மேரிக்கு மட்டும் அது நிஜமான கணக்கு.

அனுதாபம் என்று நான் மேலே சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது. மேரியின் மௌனம் விசுவாசம் இல்லை. எஜமானர்களின் நீதிமன்றத்துக்குத் தன் ஆட்களில் ஒருத்தியை அவள் ஒப்படைக்க மறுக்கிறாள்.

---

வெள்ளிக்கரண்டி எழுதியது:

இதோடு சமையல்காரர் மிஸஸ் கிராஃப்டையும் சேர்த்துப் பாருங்கள். அவரும் மிஸஸ் வில்சனும் அக்கா தங்கை என்பதே படம் முடியும் நேரத்தில்தான் நமக்குத் தெரிகிறது. அவருக்கும் அதே மனிதரால் அதே கதி. அவர் பிள்ளையை விட்டுக் கொடுக்கவில்லை, வேலையை இழந்தார், பிள்ளையும் இறந்துபோனது. ஒருவர் கொடுத்தார், ஒருவர் வைத்துக்கொண்டார், அதுவே இருவருக்கும் இடையே வருடக்கணக்கில் பகையாக நின்றது. படம் முழுக்க இருவரும் எலியும் பூனையுமாகச் சீறிக்கொண்டிருந்ததற்குக் காரணம் சமையலறை அதிகாரச் சண்டை என்றுதான் நினைத்திருப்போம். கடைசியில் மிஸஸ் வில்சன் உடைந்து அழும்போது, மிஸஸ் கிராஃப்ட் வந்து கட்டிக்கொண்டு, அழாதே, அவர்கள் காதில் விழுந்துவிடும் என்று அடக்குகிறார். உன் பிள்ளை உயிரோடாவது இருக்கிறான் என்கிறார்.

மகனிடம் சொல்லவேண்டுமா என்று மேரி முடிவு செய்வதற்கு முன்னாலேயே அந்தத் தாய் முடிவு செய்துவிட்டார். அவருடைய ரகசியம், அதை உடைக்கும் உரிமையும் அவருடையது. மேரி அதை மதித்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், பித்து அக்கா.